கொயினாப் போத்தலும் பருப்பு மூட்டையும்

1934 இல் தென்மேற்குப் பருவமழை சபரகமுவவைக் கைவிட்டது. மழைக்குப் பேர்போன மண் இது. எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அட்டைக்கடியும் ஈரச் சாக்கும் பாசி பிடித்த லயத்துச் சுவரும்தான் பழக்கம். அந்த ஆண்டு களனி கங்கையும் மகா ஓயாவும் ஓட்டம் நின்று, பாறை இடுக்குகளில் குட்டை குட்டையாகத் தேங்கின. வெயில் படும் தெளிந்த தண்ணீர். அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்பு முட்டையிடத் தேடுவது அதைத்தான். சாக்கடை அதற்கு ஆகாது. மற்ற ஆண்டுகளில் புரண்டு வரும் வெள்ளம் அதன் குடம்பிகளைக் கழுவிக்கொண்டு போய்விடும். அந்த ஆண்டு கழுவ வெள்ளமில்லை.

ஒக்டோபரில் மலேரியாக் காய்ச்சல் தொடங்கியது. மார்கழியும் தையும் கேகாலை மாவட்டத்துக்குச் சாவு மாதங்களாயின. 1931 குடிசனமதிப்பின்படி இலங்கையில் ஏறத்தாழ 53 இலட்சம் பேர். அவர்களில் சுமார் 15 இலட்சம் பேரைக் காய்ச்சல் பிடித்தது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். குருணாகலும் கேகாலையும்தான் மிக மோசமாக அடிபட்டன. வறண்ட வலயத்து மக்களுக்கு இந்தக் காய்ச்சல் ஆண்டுதோறும் வந்துபோகும் ஒன்று. உடம்பு ஓரளவு பழகியிருந்தது. ஈரவலயத்து உடம்புகளுக்கு அது புதிது. ஒரே வீட்டில் எல்லோரும் ஒன்றாகப் படுத்தார்கள். கஞ்சி காய்ச்சிக் கொடுக்க எழுந்து நிற்கும் ஆள் இல்லாத வீடுகள் பல.

இந்தச் சொற்பொழிவின் நாயகர் அந்த வீடுகளுக்குள் நடந்து போன ஒரு வைத்தியர். அப்போது அவர் அரசாங்க சபை உறுப்பினரும் கூட. பெயர் சுகீஸ்வர அபேவர்தன விக்கிரமசிங்க. டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க என்றால் தென்னிலங்கையில் மூத்தவர்களுக்கு உடனே விளங்கும். சபரகமுவவின் தெற்கு எல்லையைத் தாண்டினால் வரும் மாத்தறை மாவட்டத்து அதுரலிய அவருடைய ஊர். கொழும்பில் மருத்துவம் படித்தார். இருபதுகளின் பிற்பகுதியில் இங்கிலாந்து போனவர், அங்கே காலனி ஆட்சியை எதிர்த்த வட்டங்களோடு பழகித் திரும்பினார். கையில் பட்டமும் தலையில் சோசலிசமும் இருந்தன. இரண்டையும் அவர் வாழ்நாள் முழுவதும் பிரித்து வைக்கவில்லை.

1931 இல் டொனமூர் யாப்பு வந்தது. 21 வயதான ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்கு. ஆசியாவின் காலனி நாடுகளில் அதுவரை எங்கும் கிடைக்காத உரிமை அது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் முழுச் சுயராச்சியம் கேட்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்ததால் வடக்கின் நான்கு ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. விக்கிரமசிங்க மொறவக்கவில் நின்று வென்றார். அந்தத் தேர்தலில் இந்திய வம்சாவளித் தமிழரில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் வாக்காளராகப் பதிந்திருந்தார்கள். தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் துரை முன்னால் வரிசையில் நின்று மட்டுமே பழகிய மக்கள் முதன்முறையாகத் தங்களுக்காக ஒரு வரிசையில் நின்றார்கள். அந்த வாக்கின் கதை பிறகு வரும்.

வைத்தியர்கள் அரசியலுக்கு வருவது அந்தக் காலத்துக்குப் புதிதல்ல. அதே 1931 இல் வட கொழும்பிலிருந்து அரசாங்க சபைக்குப் போனவர் டொக்டர் இரத்தினசோதி சரவணமுத்து. தேர்தல் மனுவில் அவர் ஆசனத்தை இழக்க, 1932 இல் மனைவி நேசம் சரவணமுத்து அந்த இடத்தைப் பிடித்தார். சரவணமுத்து 1937 இல் கொழும்பின் முதல் மேயரானார். கடலுக்கு அப்பால் சென்னையில் டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927 இலேயே சட்டசபைத் துணைத்தலைவராக இருந்தவர். அவரவர் அளவில் எல்லோரும் பெரியவர்கள்தான். விக்கிரமசிங்கவை இங்கே தனியாக எடுத்துப் பேசக் காரணம், சபரகமுவவின் ஒரு கொள்ளைக்காலத்தில் அவர் கண்டுபிடித்ததாக நான் கருதும் ஒரு நோய்க்காரணம்.

அதற்கு முன் ஒரு பூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாம் உலகப் போர் முடிந்தபின் ஆண்டுதோறும் நவம்பர் 11 அன்று கொழும்பில் பொப்பிப் பூ விற்பார்கள். சேரும் பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியப் போர்வீரர்களுக்குப் போகும். அதற்கு எதிராக இங்கே இளைஞர்கள் எடுத்த பூ சூரியமல். தமிழில் நாம் பூவரசு என்று சொல்கிற, வேலியோரத்து மஞ்சள் பூ. 1933 இல் அந்த இயக்கம் உறுதியாக எழுந்தபோது அதன் தலைவியானவர் டொரீன் யங் என்ற ஆங்கிலப் பெண், ஆனந்த பாலிகா வித்தியாலயத்தின் அதிபர். அதே ஆண்டு அவர் விக்கிரமசிங்கவைத் திருமணம் செய்தார். சிறுபிள்ளைகள் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதும் மரத்தின் பூவைச் சட்டையில் குத்திக்கொண்டு பேரரசை எதிர்த்த அந்தக் கூட்டம்தான், அடுத்த ஆண்டு காய்ச்சல் வந்தபோது கேகாலைக்குப் புறப்பட்டது.

அந்தக் கூட்டத்தில் என். எம். பெரேரா போனார். செலினா பெரேரா போனார். டொக்டர் மேரி இரத்தினம் போனார். கனடாவின் ஒன்றாரியோவில் பிறந்து, 1896 இல் மருத்துவராக இலங்கைக்கு வந்து, ஒரு தமிழரை மணந்தவர் அவர். அப்போது அறுபது வயதைத் தாண்டியிருந்தார். விக்கிரமசிங்கவும் போனார்.

மலேரியா வைத்தியர் ஒரு பிள்ளையைப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, இடப்பக்க விலாவுக்குக் கீழே விரல்களை மெதுவாக வைத்து, மூச்சை இழுக்கச் சொல்வார்கள். நல்ல உடம்பில் மண்ணீரல் கைக்கு அகப்படாது. காய்ச்சல் திரும்பத் திரும்ப அடித்த பிள்ளைக்கு அது வீங்கி, மூச்சிழுக்கும்போது கீழிறங்கி விரல் நுனியில் வந்து முட்டும். சிலருக்குத் தொப்புள் வரைக்கும் கல் மாதிரிக் கிடக்கும். எத்தனை பிள்ளைகளுக்கு இப்படி என்று எண்ணினால் ஊரின் நோயளவு தெரிந்துவிடும். ஆனால் வயிற்றைத் தொடுகிற கை வேறொன்றையும் தொடும். விலா எலும்பு துருத்தியிருக்கும். தோலைக் கிள்ளினால் கொழுப்பு வராது. காலில் நீர் கோத்திருக்கும். மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா அதற்கு மருந்தில்லை.

அந்தத் தொண்டர்கள் கண்டது இதுதான். நோய் நுளம்பால் வந்தது, சரி. சாவு பாதி பசியால் வந்தது. உலக மந்தத்தில் இறப்பர் விலை விழுந்திருந்தது. கேகாலை இறப்பர் நாடு. தோட்டத்தில் நாட்கூலிக்குப் போன கிராமத்தவர்களுக்கும் ஓரிரு ஏக்கர் வைத்திருந்தவர்களுக்கும் கையில் காசில்லை. அதற்கு மேல் வறட்சி, அதற்கும் மேல் காய்ச்சல். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் எரிக் மெயர் இந்தக் கொள்ளைநோயைப் பற்றிப் பின்னாளில் எழுதியபோது, வானிலையின் ஏற்ற இறக்கத்தையும் பொருளாதாரத்தின் ஏற்ற இறக்கத்தையும் ஒன்றாக வைத்துத்தான் பார்த்தார். சூரியமல் தொண்டர்கள் அதைக் களத்திலேயே பார்த்துவிட்டார்கள். கொயினாவோடு மார்மைட்டைக் குளிகைகளாக உருட்டிக் கொடுத்தார்கள். அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். பருப்பு மூட்டையோடு வீடு வீடாகப் போன என். எம். பெரேராவுக்குக் கிராமத்து மக்கள் வைத்த பெயர் பரிப்பு மகத்தயா. பருப்பு ஐயா. லண்டனில் இரண்டு கலாநிதிப் பட்டம் வாங்கிய மனிதரின் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பட்டம் கிடைத்ததாக நான் நினைக்கவில்லை.

இதே நோய்க்காரணத்தை 1848 இல் ருடொல்ஃப் விர்கோ என்ற இளம் ஜெர்மானிய வைத்தியர் எழுதினார். மேல் சிலேசியாவில் டைபஸ் பரவியபோது பிரஷ்ய அரசு அவரை விசாரிக்க அனுப்பியது. திரும்பி வந்து அவர் கொடுத்த அறிக்கை மருந்தை மட்டும் கேட்கவில்லை. அந்த ஏழைப் போலந்து மக்களுக்குக் கல்வியும் சுயாட்சியும் கேட்டது. பின்னாளில் அவரும் சட்டசபைக்குப் போனார். சிலேசியாவுக்கும் கேகாலைக்கும் இடையே 86 ஆண்டுகளும் ஒரு பெருங்கடலும். பசித்த வயிற்றின் மேல் கை வைத்த வைத்தியர் இரண்டு இடத்திலும் ஒரே வாசலுக்குத்தான் வந்து சேர்ந்தார்.

இனித் தோட்டத்துக்குள் வருவோம். இந்தக் கதையைச் சிங்களக் கிராமத்தின் கதையாகவே எல்லோரும் சொல்லி வந்திருக்கிறார்கள். அதில் உண்மை உண்டு. 1934–35 இல் தோட்ட மக்களிடையே சாவு கிராமத்தைவிடக் குறைவு. அதற்குக் காரணங்கள் இருந்தன. உயர்ந்த மலைத் தோட்டங்களுக்கு அந்த நுளம்பு ஏறுவதில்லை. தோட்டத்தில் அரிசி கொடுப்பார்கள். டிஸ்பென்சரி இருக்கும், கொயினா கையிருப்பில் இருக்கும். 1872 இலிருந்தே தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்யச் சட்டம் இருந்தது; 1912 இல் அது இறுக்கப்பட்டது. இவற்றை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் அந்தச் சட்டம் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். அது ஒரு மதிலைக் கட்டியது. மதிலுக்கு இந்தப் பக்கம் இருப்பவனுடைய உடம்பு அரசின் பொறுப்பு. அந்தப் பக்கம் இருப்பவனுடைய உடம்பு கம்பனியின் பொறுப்பு. காய்ச்சல் வந்த தொழிலாளி முதலில் போக வேண்டியது டிஸ்பென்சரிக்கு. அங்கே சுகமில்லை என்று எழுதினால்தான் அன்றைய பேர், அதாவது நாள்வேலைப் பதிவு, பற்றிக் கேள்வி வராது. வைத்தியமும் வேலைக் கணக்கும் ஒரே மேசையில் நடந்தன. கூலியும் இடத்துக்கு இடம் வேறு. 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஆணுக்கு நிர்ணயமான நாட்சம்பளம் மலைநாட்டில் 54 சதம், இடைநாட்டில் 52, தாழ்நாட்டில் 50. சபரகமுவத் தோட்டங்களில் பெரும்பாலானவை பின்னிரண்டில் விழுந்தன. மந்தகாலத்தில் அதுவும் வெட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களுடைய உடம்பு அவர்களோடு கப்பலேறிப் போனது. இலங்கையின் எந்தச் சாவுக் கணக்கிலும் அது இல்லை.

மொறவக்க உறுப்பினருக்கு அரசியலில் அந்த நிவாரணம் உடனே பலன் தரவில்லை. 1935 டிசம்பர் 18 அன்று லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. விக்கிரமசிங்க அதன் தாபகர்களில் ஒருவர். 1936 தேர்தலில் கட்சி நால்வரை நிறுத்தியது. பருப்பு ஐயா றுவன்வெல்லவில் வென்றார். பிலிப் குணவர்தன அவிசாவளையில் வென்றார். இரண்டும் காய்ச்சல் மிதித்துப் போன பக்கங்கள். விக்கிரமசிங்க மொறவக்கவில் தோற்றார். வேறோர் ஊரின் நோயாளிகளுக்காக அலைந்தவரைச் சொந்தத் தொகுதி மறந்துவிட்டது என்று சொன்னால் அது கதைக்கு அழகாக இருக்கும். உண்மையில் நிலவுடைமையும் சாதியும் பணமும் சேர்ந்து நின்ற அந்தக் காலத் தேர்தலில், ஒரு இடதுசாரி முதலில் வென்றதுதான் வியப்பு.

1939 இன் கடைசியில் கட்சி மொஸ்கோ தலைமையிலான மூன்றாம் அகிலத்தின் மேல் நம்பிக்கையில்லை என்று தீர்மானித்தது. மொஸ்கோவின் பக்கம் நின்ற விக்கிரமசிங்க, பீற்றர் கெனமன், வைத்தியலிங்கம் முதலியோர் வெளியேற்றப்பட்டனர். 1940 இல் ஐக்கிய சோசலிசக் கட்சி, 1943 ஜூலை 3 அன்று இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி. கோட்பாட்டுச் சண்டை நீளமானது, இங்கே அது வேண்டாம். தமிழருக்கு நினைவில் நிற்க வேண்டியது வேறு. 1944 இலேயே அந்தக் கட்சி இலங்கையில் சிங்களவர், தமிழர் என இரு தேசிய இனங்கள் உண்டென்று ஏற்றுப் பேசியது. 1948 இல் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்தது. 1952 இல் டொரீன் அக்குறஸ்ஸவிலிருந்து நாடாளுமன்றம் போனார். 1956 இல் விக்கிரமசிங்கவே போனார். அந்த ஜூனில் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியபோது அவர் கட்சியின் வாக்கு எதிர்ப்பக்கம் விழுந்தது. அக்குறஸ்ஸ போன்ற சிங்களத் தொகுதியை நம்பி அரசியல் செய்த ஒருவருக்கு அது சிறிய துணிவல்ல.

இப்போது அந்த வாக்கின் கதை. 1931 இல் ஒரு இலட்சமாக இருந்த இந்திய வம்சாவளி வாக்காளர் 1939 இல் சுமார் 2,25,000 ஆனார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனம் வென்றது. நுவரெலியா, தலவாக்கலை, மஸ்கெலியா என்று அந்தப் பட்டியலை வாசித்துப் பார்த்தால் இரத்தினபுரியும் கேகாலையும் அதில் இல்லை. சபரகமுவத் தோட்டத் தமிழர் சிதறிக் கிடந்தார்கள். கிராமத்துச் சிங்களவரோடு சேர்ந்து வாக்களித்தால்தான் அவர்களுடைய வாக்குக்கு வலு. இடதுசாரிகளுக்கு அவர்கள் தேவைப்பட்டது அதனால்தான், அவர்களுக்கு இடதுசாரிகள் தேவைப்பட்டதும் அதனால்தான். 1948 குடியுரிமையைப் பறித்தது. 1949 வாக்கைப் பறித்தது. பெரட்டுக்களத்துக்கு வெளியே அவர்கள் நின்ற ஒரே வரிசை கலைந்தது. அதற்குப் பிறகு ஒரு தோட்டத்துப் பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்கத் தேர்தல் காரணம் எந்த அரசியல்வாதிக்கும் இல்லாமற்போனது.

மனதுக்குப் பிடித்த மனிதர்களைப் பற்றிப் பேசும்போது நல்லதோடு நிறுத்திக்கொள்ளத் தோன்றும். அது நியாயமில்லை. 1966 ஜனவரி 8 அன்று, தமிழுக்கு நிர்வாகத்தில் சிறிதளவு இடம் தரும் ஒழுங்குவிதிகளை எதிர்த்துக் கொழும்பில் ஊர்வலம் போனபோது, சுதந்திரக் கட்சியோடும் சமசமாஜிகளோடும் கம்யூனிஸ்ட் கட்சியும் நின்றது. பத்தாண்டுக்கு முன் எதிர்த்து வாக்களித்த கட்சி. 1970 இல் அதே மூன்று கட்சிகளும் ஆட்சியமைத்தன. எட்டியாந்தோட்டையிலிருந்து வந்த என். எம். பெரேரா நிதி அமைச்சர். 1973 இல் எண்ணெய் விலை ஏறியது, தானிய விலை ஏறியது. கூப்பன் அரிசியும் மாவும் வெட்டப்பட்டன. கிராமத்தவனுக்கு வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரவள்ளிக் கிழங்காவது இருந்தது. லயத்துக்காரனுக்குச் சொந்தமாக ஒரு சாண் மண் இல்லை. அவனுடைய சாப்பாடு முழுவதும் மாவு, ரொட்டி. 1974 இல் தோட்டத்துச் சாவு வீதம் மற்ற எல்லோரையும் விட உயரப் போனது. பருப்பு மூட்டையோடு கேகாலைக்குப் போன தலைமுறை ஆட்சியில் இருந்தபோது, அதே மாவட்டத்தின் லயங்களில் பசிச்சாவு நடந்தது.

நாற்பது ஆண்டுக்கு முன் அந்தத் தலைமுறை கண்டுபிடித்த நோய்க்காரணம் சரியானது. அது மதிலைத் தாண்டிப் போகவில்லை. இந்தச் சொற்பொழிவில் நான் சொல்ல வந்ததும் அதுதான்.

விக்கிரமசிங்க 1981 ஆகஸ்டில் இறந்தார். அதே ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்தில், இறக்குவானை, காவத்தைப் பக்கத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. மூட்டை முடிச்சோடு வன்னிக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. அவருடைய வாழ்க்கையை எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவதில்லை. சபரகமுவக்காரர்களால் எழுதாமல் இருக்க முடியாது.

நுளம்பின் கதைக்கு ஒரு முடிவு வந்தது. 1946 இலிருந்து டிடிடி அடித்தார்கள். 1963 இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளிகள்தான். தெளிப்பைக் கைவிட்டதும் நோய் திரும்பி வந்து, அறுபதுகளின் முடிவில் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மறுபடி தொடங்கி, அரை நூற்றாண்டு விடாமல் துரத்தி, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனத்திடம் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழை இலங்கை வாங்கியது. இந்த வெற்றிக்கு இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளிலும் ஆற்றோரங்களிலும் குடம்பி தேடி அலைந்த ஊழியர்கள் எத்தனையோ பேர் காரணம்.

அதே 2016 இல் எடுத்த குடிசன, சுகாதார ஆய்வு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உயரத்தை அளந்தது. வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாடளாவிய கணக்கில் நூற்றுக்கு 17.3. தோட்டத்துறையில் 31.7.

தோட்டத்தில் எடை போடும் நாளில் பிள்ளைக்காம்பராவின் உத்தரத்தில் தராசு தொங்கும். மிட்வைஃப் அம்மா பிள்ளையைத் துணிப்பையில் இறக்கித் தூக்கிவிட, முள் ஆடி ஆடி ஓரிடத்தில் நிற்கும். அட்டையில் புள்ளி வைத்துப் போன மாதப் புள்ளியோடு கோடு இழுப்பார். கோடு கீழே இறங்கியிருந்தால் திரிபோஷ பக்கெட் இரண்டு. சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்த்த இந்தச் சத்துமாவு 1973 இல் தொடங்கிய திட்டம். பக்கெட் ஒன்று 750 கிராம். ஒரு பிள்ளைக்கு ஒரு மாதத்துக்கென்று கணக்குப் போட்டுத் தருவது. தாய் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சீனி, தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து உருண்டை பிடிப்பாள். பள்ளிக்கூடத்தால் வந்த மூத்தவனுக்கு ஒன்று, நடுவிலுக்கு ஒன்று, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த மாமிக்கு ஒன்று. பத்தாம் நாள் பக்கெட் முடிந்துவிடும். அடுத்த மாதம் தராசு அதே உத்தரத்தில் தொங்கும். மிட்வைஃப் அம்மா அட்டையைப் புரட்டிப் பார்த்து, பிள்ளைக்கு என்ன சாப்பாடு கொடுக்கிறீங்க என்று கேட்பார்.